ரேகையும் ரேஷனும்: உயிரரசியல் என்றால் என்ன?

சில வருஷங்களுக்கு முன்னால், உசிலம்பட்டிப் பக்கம் எங்கள் ஊர் ரேஷன் கடையில் அம்மாவோடு வரிசையில் நின்றேன். அம்மாவின் முறை வந்தது. கருவியில் பெருவிரலை வைத்தாள், எடுக்கவில்லை. முந்தானையில் துடைத்துவிட்டு வைத்தாள், அப்போதும் எடுக்கவில்லை. "அத்தே, அடுத்த விரல வைங்க" என்றார் பில் போடுகிறவர், பொறுமையாகத்தான் சொன்னார். பத்து விரலும் வைத்துப் பார்த்தாயிற்று. நாற்பது வருஷம் களை வெட்டி, நாற்றுப் பறித்து, சாம்பல் போட்டுப் பாத்திரம் தேய்த்த கை, அதில் ரேகை எங்கே பாக்கி இருக்கும்? "மிஷின் எடுக்கல அத்தே, நாளைக்கு வாங்க" என்றார். பையை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு திரும்பி நடக்கும்போது அம்மா சொன்னாள்: "எங்க தாத்தா காலத்துல ரேகை வச்சாத்தான் போலீஸ்காரன் விடுவான். இப்ப ரேகை வச்சாத்தான் அரிசி."

அரிசி இரண்டு நாளில் கிடைத்துவிட்டது. ஆனால் அம்மா சொன்னது மனதை விட்டுப் போகவில்லை. நூறு வருஷத்துக்கு முன்னால் இந்தப் பெருவிரலை வைத்து ஒரு மனிதனை ஊரைவிட்டு நகரவிடாமல் கட்டிப்போட்டார்கள், இன்று இதே விரலை வைத்துத்தான் சோறு போடுகிறார்கள். ஒன்று கொடுமை, இன்னொன்று நலத்திட்டம். இரண்டும் எப்படி ஒரே மாதிரியான பதிவேட்டை நம்பி நடக்கின்றன? தத்துவத்தில் இதைப் பற்றி ஐம்பது வருஷமாகப் பேசிக்கொண்டிருக்கிறார்கள், தமிழில் அதற்கு உயிரரசியல் என்று பெயர். பெயர் கொஞ்சம் மிரட்டும், ஆனால் விஷயம் நம் வீட்டு பீரோவுக்குள்ளேயே இருக்கிறது: ரேஷன் அட்டை, ஆதார், தடுப்பூசி அட்டை, பிறப்புச் சான்றிதழ். தத்துவம் பக்கமே போகாத ஒருவருக்குப் புரிகிற மாதிரி, எனக்குப் புரிந்த வரைக்கும் சொல்லிப் பார்க்கிறேன்.

பழைய அதிகாரத்திலிருந்து ஆரம்பிப்போம், அதற்கு மதுரையைவிடப் பொருத்தமான ஊர் கிடையாது. கோவலன் கதை நம் எல்லோருக்கும் தெரியும். சிலம்பு விற்க வந்தவனைத் திருடன் என்று பொற்கொல்லன் சொல்கிறான், ஊடலில் இருக்கும் அரசியைச் சமாதானப்படுத்தப் போகிற அவசரத்தில் பாண்டியன் விசாரிக்காமல் ஒரு வார்த்தை சொல்கிறான், கோவலன் வெட்டுப்படுகிறான். ராஜ அதிகாரம் என்பது அவ்வளவுதான். கோவலனுக்கு என்ன வயது, என்ன நோய், காலையில் சாப்பிட்டானா இல்லையா என்பதிலெல்லாம் பாண்டியனுக்கு வேலை இல்லை. மக்கள் பிறப்பார்கள், வாழ்வார்கள், சாவார்கள், அது அவரவர் பாடு. வரி வந்தால் போதும், போருக்கு ஆள் வந்தால் போதும், கட்டளையை மீறினால் தலை போகும். ராஜாவின் கை எப்போதாவதுதான் குடிசை வரைக்கும் நீளும், நீண்டால் உயிரை எடுத்துக்கொண்டுதான் திரும்பும். (இறை என்ற ஒரே சொல் தமிழில் அரசனையும் குறிக்கும், கடவுளையும் குறிக்கும், வரியையும் குறிக்கும். இறையாண்மை என்று பாடப்புத்தகத்தில் படிக்கிறோமே, அந்தச் சொல்லுக்குள் இவ்வளவும் இருக்கிறது.)

இந்தக் கதையில் இன்னொன்றைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும். கண்ணகிக்குப் போய் நிற்க ஒரு வாசல் இருந்தது. வாயிற்காவலனிடம் சொல்லியனுப்பி, உள்ளே போய், ராஜாவின் முகத்துக்கு நேராகக் கேட்க முடிந்தது.

சரி, இப்போது பிரான்சுக்குப் போவோம். மிஷேல் ஃபூக்கோ என்ற தத்துவவாதி, 1926-இல் பிறந்து 1984-இல் இறந்தவர். சிறைச்சாலையைப் பற்றி 1975-இல் அவர் எழுதிய புத்தகம் இரண்டு காட்சிகளோடு தொடங்குகிறது. முதல் காட்சி 1757-இல், பிரெஞ்சு ராஜாவைக் கத்தியால் குத்த முயன்ற ஒருவனை பாரிஸில் ஊர் பார்க்கச் சித்திரவதை செய்து கொல்கிறார்கள். அடுத்தது ஏறத்தாழ எண்பது வருஷம் கழித்து, இளம் கைதிகள் இருக்கும் சிறையின் கால அட்டவணை: எத்தனை மணிக்கு எழ வேண்டும், எப்போது ஜெபம், எப்போது வேலை, எப்போது சாப்பாடு. இடையில் மனிதர்கள் இரக்கம் உள்ளவர்களாகிவிட்டார்கள் என்று நாம் நினைப்போம். ஃபூக்கோ அப்படிச் சொல்லவில்லை, அதிகாரம் வேறு மாதிரி வேலை செய்யக் கற்றுக்கொண்டது என்கிறார். உடம்பை வெட்டுவதைவிட உடம்பைப் பழக்குவது லாபம். பள்ளிக்கூடத்தில் மணி அடித்தால் எழுவது, உயர வரிசைப்படி நிற்பது, கை கட்டி வாய் பொத்தி உட்காருவது, இதெல்லாம் நமக்கு நடந்ததுதான். இதற்கு ஒழுங்குபடுத்தும் அதிகாரம் என்று பெயர். ஜெரமி பெந்தாம் என்ற ஆங்கிலேயர் 18-ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஒரு சிறைக்கு வரைபடம் போட்டார்: வட்டமாக அறைகள், நடுவில் ஒரு கோபுரம், கோபுரத்தில் இருப்பவனைக் கைதியால் பார்க்க முடியாது. அங்கே ஆள் இருக்கிறானா இல்லையா என்பதே தெரியாததால் கைதி எப்போதும் ஒழுங்காக இருப்பான், தனக்குத் தானே காவல்காரன் ஆகிவிடுவான். பரீட்சை ஹாலில் கண்காணிப்பாளர் பின்னால் நிற்கிறாரா என்று திரும்பிப் பார்க்கப் பயந்த அனுபவம் இருந்தால் இந்தக் கோபுரம் உங்களுக்குப் புதிதல்ல.

1976 வாக்கில் ஃபூக்கோ அடுத்த அடி எடுத்து வைக்கிறார். ஒழுங்குபடுத்துவது தனித்தனி உடம்புகளை. அதற்கு மேல் இன்னொரு அதிகாரம் வளர்ந்திருக்கிறது, அது கூட்டத்தை ஒரே உடம்பாகப் பார்க்கிறது என்கிறார். இந்த வட்டாரத்தில் வருஷத்துக்கு எத்தனை பிறப்பு, எத்தனை சாவு, ஆயிரம் குழந்தைகளில் எத்தனை தங்குகின்றன, எந்த நோய் எந்த மாதத்தில் வருகிறது. இங்கே நம் மொழி நமக்கு ஒரு உதவி செய்கிறது. மக்கள் என்பது ஒரு சொல், மக்கள்தொகை என்பது வேறு சொல். தொகை என்று சேர்த்தவுடன் முகங்கள் மறைந்து எண் வந்துவிடுகிறது. ராஜாவுக்குக் குடிகள் இருந்தார்கள், நவீன அரசுக்கு மக்கள்தொகை இருக்கிறது. இந்தியா முழுவதும் ஒரே நேரத்தில் கணக்கெடுப்பு என்று நடந்தது 1881-இல்தான்.

இந்த மாற்றத்தை ஃபூக்கோ ஒரு சூத்திரமாகவே சொல்கிறார், அது பிரெஞ்சைவிடத் தமிழில் அழகாக வரும் என்று எனக்குத் தோன்றும். பழைய அதிகாரம் சாகடிக்கும், இல்லையென்றால் வாழவிடும். புதிய அதிகாரம் வாழவைக்கும், இல்லையென்றால் சாகவிடும். விடுவதும் வைப்பதும் இடம் மாறுகின்றன, அவ்வளவுதான் வித்தியாசம். உயிரை வளர்ப்பது, காப்பது, கணக்கு வைப்பது அரசியலின் மையத்துக்கு வந்த நிலைக்குத்தான் உயிரரசியல் என்று பெயர். அம்மை குத்தியது, குளோரின் போட்ட தண்ணீர், சிவப்பு முக்கோணம் வரைந்த சுவர்கள், "நாம் இருவர் நமக்கு இருவர்", எல்லாம் இதில் அடங்கும்.

இனி பெருவிரலுக்கு வருகிறேன். இதில் கொஞ்சம் நின்று பேச வேண்டும்.

கைரேகையை ஆட்சி வேலைக்கு எடுத்துக்கொண்ட கதை லண்டனில் தொடங்கவில்லை, வங்காளத்தில் தொடங்குகிறது. வில்லியம் ஹெர்ஷல் என்ற வெள்ளைக்கார அதிகாரி 1858-இல் ஒரு ஒப்பந்தத்துக்குக் கையெழுத்துக்குப் பதிலாக உள்ளங்கையைப் பதிய வைத்தார், பிறகு விரலுக்கு மாறினார். 1897-இல் கல்கத்தாவில் கைரேகைக்கென்றே தனி அலுவலகம் வந்தது. இதற்கு இணையாக வந்ததுதான் குற்றப் பரம்பரைச் சட்டம். 1871-இல் வட இந்தியாவில் கொண்டுவந்தார்கள், 1911-இல் சென்னை மாகாணத்துக்கும் நீட்டினார்கள். ஒருவன் என்ன செய்தான் என்று இந்தச் சட்டம் கேட்காது, யாருக்குப் பிறந்தான் என்று மட்டும்தான் கேட்கும். ஒரு சாதியையோ கூட்டத்தையோ மொத்தமாகக் குற்றவாளி என்று அறிவித்துவிட்டால் அதில் பிறந்த பிள்ளையும் அந்தக் கணக்குதான். மதுரைக்குப் பக்கத்தில் கீழக்குயில்குடியில் தொடங்கி, சில வருஷங்களில் பிரமலைக் கள்ளர் எல்லோர் மேலும் இது விழுந்தது. குறவர் உட்பட மாகாணத்தில் இன்னும் பல மக்கள் மேலும் விழுந்தது.

எங்கள் பக்கம் இதை ரேகைச் சட்டம் என்றுதான் சொல்வார்கள். பதிவேட்டில் பேர் ஏறிய ஆண்பிள்ளை வெளியூர் போக வேண்டுமென்றால் சீட்டு வாங்க வேண்டும், அதற்கு ராதாரிச் சீட்டு என்று பேர். கல்யாணமா, மாடு பிடிக்கச் சந்தையா, சித்திரைத் திருவிழாவுக்கு அழகர் ஆற்றில் இறங்குவதைப் பார்க்கப் போவதா, எதுவானாலும் சீட்டு. ராத்திரியில் போலீஸ் சொன்ன இடத்தில் போய்ப் படுக்க வேண்டும். அம்மாவின் அப்பத்தா சொல்லி அம்மா கேட்டது: பொழுது சாயும்போது தாத்தா கம்பளியைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு சாவடிக்குக் கிளம்புவாராம், பிள்ளை பிறந்த ராத்திரியும் அங்கேதான் படுத்திருந்தாராம். அந்தக் கம்பளியை அப்பத்தா கடைசி வரைக்கும் யாரையும் போர்த்த விடவில்லை.

1920 ஏப்ரல் 3 அன்று பெருங்காமநல்லூரில் ரேகை எடுக்கப் போலீஸ் படை வந்தது. ஊர் மறுத்தது. துப்பாக்கிச் சூட்டில் 16 பேர் செத்தார்கள், மாயக்காள் என்ற பெண்ணும் அதில் ஒருவர். அந்த ஊரில் இன்றைக்கும் நினைவுத்தூண் இருக்கிறது, ஏப்ரல் 3 அன்று மக்கள் போய் மாலை போடுகிறார்கள்.

இப்போது கேளுங்கள், இது ராஜ அதிகாரமா உயிரரசியலா? துப்பாக்கி பழைய அதிகாரம், அதில் சந்தேகமில்லை. ஆனால் துப்பாக்கியை எதற்காக எடுத்தார்கள் என்று பார்க்க வேண்டும். வரிக்காக அல்ல, நிலத்துக்காக அல்ல, பதிவேட்டில் விரல் வைப்பதற்காக. அதே சமயத்தில் அதே அரசு கள்ளர் சீரமைப்பு என்ற பெயரில் பள்ளிக்கூடங்களைத் திறந்தது, கூட்டுறவுச் சங்கம் வைத்தது, கிணறு வெட்டியது. கள்ளர் பள்ளிகள் இன்றும் இந்தப் பக்கத்தில் நடக்கின்றன, அதில் படித்து வந்தவர்கள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள், எங்கள் வீட்டிலேயே இருக்கிறார்கள். ஒரு கையால் ரேகை எடுத்து இன்னொரு கையால் சிலேட்டு கொடுத்தது அந்த அதிகாரம். இந்த மக்களை வேறு மாதிரி மனிதர்களாக ஆக்கிவிட வேண்டும் என்பதுதான் அதன் திட்டம். வெறும் கொடுங்கோல் என்று சொல்லி முடித்துவிட்டால் அதன் பாதி விளங்காது.

அந்தச் சட்டத்தில் என்னை மிகவும் உறுத்துவது ஒரு பிரிவு. ஒரு கூட்டத்தைக் குற்றப் பரம்பரை என்று அரசு அறிவித்துவிட்டால், அந்த அறிவிப்பு சரியா தவறா என்று எந்த நீதிமன்றமும் கேட்கக் கூடாது. எழுதியே வைத்திருந்தார்கள். கண்ணகிக்கு இருந்த வாசலைச் சட்டம் போட்டு அடைத்துவிட்டார்கள். நீண்ட போராட்டத்துக்குப் பிறகு 1947-இல் சென்னை மாகாணத்தில் அந்தச் சட்டம் போனது, நாடு முழுவதும் போக 1952 ஆகஸ்ட் வரைக்கும் ஆனது.

அதே 1920-ஐ இன்னொரு பக்கமாகவும் நினைத்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. அந்த வருஷத்தில்தான் சென்னை மாநகராட்சி, தியாகராயர் தலைமையில், ஆயிரம் விளக்குப் பகுதிப் பள்ளியில் பிள்ளைகளுக்குச் சாப்பாடு போட முடிவெடுத்தது. ஒரே மாகாணம், ஒரே வருஷம். அங்கிருந்து காமராஜரின் மதிய உணவு, 1982-இல் எம்.ஜி.ஆரின் சத்துணவு என்று வளர்ந்து, 2022 செப்டம்பர் 15 அன்று மதுரை சிம்மக்கல் ஆதிமூலம் மாநகராட்சிப் பள்ளியில் முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் தொடங்கியது. முதல் கட்டத்தில் 1,545 பள்ளிகள், ஒரு லட்சத்துப் பதினாலாயிரம் பிள்ளைகள். பிள்ளைகளைக் கணக்கெடுக்காமல், வருகையைப் பதியாமல், எடை போடாமல் இது நடக்குமா? நடக்காது. இதுவும் உயிரரசியல்தான், காலையில் வெறும் வயிற்றோடு பள்ளிக்கூடம் போன யாரும் இதைப் பழிக்க மாட்டார்கள். நானும் பழிக்கவில்லை. கிராமத்துச் செவிலியர் கர்ப்பத்தைப் பதிந்து பிக்மி என்கிற பதிவு நம்பர் வாங்கிக் கொடுப்பதும், மாதாமாதம் எடை பார்ப்பதும், ரத்தம் குறைந்தால் வீடு தேடி வந்து திட்டுவதும் எத்தனையோ தாய்களைக் காப்பாற்றியிருக்கிறது. உசிலம்பட்டி என்றாலே பெண் சிசுக்கொலை என்று நாடு முழுக்கப் பேசிய ஒரு காலம் இருந்தது. 1992-இல் சேலத்தில் தொட்டில் குழந்தைத் திட்டம் ஆரம்பித்தது, பின்னால் எங்கள் மாவட்டத்துக்கும் வந்தது. வீட்டுக்குள் நடந்த ஒரு கொலையைத் தடுக்க அரசின் கண் வீட்டுக்குள் வரத்தான் வேண்டியிருந்தது.

ஆக, எண்ணுவதே தப்பு என்று சொல்கிறவர்களோடு எனக்கு உடன்பாடு கிடையாது. எண்ணப்படாதவன் நிலைமை பல நேரம் இன்னும் மோசம்.

ஆனால் உயிரை வளர்ப்பதற்கென்றே வந்த அதிகாரம் எப்படிக் கொல்கிறது? ஃபூக்கோ இந்தக் கேள்வியைத் தவிர்க்கவில்லை. எல்லா உயிரையும் சமமாக வளர்க்காமல் இடையில் ஒரு கோடு போடும், கோட்டுக்கு இந்தப் பக்கம் வளர்க்க வேண்டிய உயிர், அந்தப் பக்கம் போனால் போகட்டும் என்று விடுகிற உயிர் என்கிறார். ஐரோப்பாவில் அந்தக் கோட்டை இனவாதம் போட்டது என்பது அவர் கணிப்பு. நம் ஊரில் கோடு போட சாதி இருக்கிறது. மனிதக் கழிவை மனிதன் அள்ளக் கூடாது என்று 1993-இல் ஒரு சட்டம், 2013-இல் இன்னொரு சட்டம். இன்னமும் கழிவுநீர்த் தொட்டிக்குள் இறங்கி மூச்சடைத்துச் சாகிறார்கள், இறங்குகிறவர்கள் யார் வீட்டுப் பிள்ளைகள் என்று எல்லோருக்கும் தெரியும். யாரும் கத்தியை எடுக்கவில்லை. சாகவிடுவது என்றால் இதுதான். நெருக்கடி நிலை காலத்தில் 1976-77 ஒரே வருஷத்தில் நாட்டில் 80 லட்சத்துக்கு மேல் கருத்தடை ஆப்பரேஷன் நடந்தது, வட மாநிலங்களில் ஏழைகளை வளைத்துப் பிடித்துச் செய்தார்கள், அதுவும் மக்கள்தொகை நலன் என்ற பெயரில்தான்.

இத்தாலிக்காரர் ஜார்ஜோ அகம்பென் இதை இன்னும் கடுமையாகச் சொல்வார். பழைய கிரேக்கத்தில் உயிருக்கு இரண்டு சொல் உண்டு, வெறுமனே உயிரோடு இருப்பதற்கு ஒன்று, ஒரு சமூகத்தில் மனிதனாக வாழ்வதற்கு ஒன்று. இரண்டாவதை உரித்துவிட்டு முதலாவதை மட்டும் விட்டுவைப்பதைத்தான் அவர் வெற்றுயிர் என்கிறார், அவர் கண் முன்னால் இருந்தது நாஜி வதைமுகாம். 1995-இல் எழுதினார். எனக்கு அவரிடம் மரியாதை உண்டு, ஆனால் 2020 பிப்ரவரியில் கொரோனாவைப் பற்றி, அரசுகள் இதை ஒரு சாக்காக எடுத்துக்கொள்கின்றன என்று அவர் எழுதியதை ஏற்க முடியவில்லை. தமிழ்நாட்டின் முதல் கொரோனா மரணம் 2020 மார்ச் 25 அன்று மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனையில்தான் நடந்தது. ஜூன் 24-இலிருந்து மதுரைக்கு மறுபடி முழு ஊரடங்கு. அந்த நாட்களில் இங்கே இருந்தவர்களுக்குத் தெரியும், நோய் நிஜம், பயம் நிஜம், ஆக்சிஜன் தேடி அலைந்தது நிஜம்.

அதே நேரம், தெரு முனையில் தகரம் அடித்தார்களே, அதையும் மறக்கக் கூடாது. நான் அப்போது நகரத்தில் ஒரு சந்தில் வாடகைக்கு இருந்தேன். எதிர்வீட்டில் ஒருவருக்குத் தொற்று வந்ததும் சந்து முழுவதையும் மூடிவிட்டார்கள், அது புரிகிறது, யார் பால் வாங்கிக் கொடுப்பார்கள் என்று மட்டும் யாரும் சொல்லவில்லை. போன் அடித்தால் ஒரு அலுவலகம் இன்னொரு அலுவலகத்தைக் காட்டும். தகரத்துக்கு அந்தப் பக்கம் இருந்த பெட்டிக்கடைக்கார அக்கா கம்பில் பையைக் கட்டி உள்ளே நீட்டினார், அப்படித்தான் பன்னிரண்டு நாள் ஓடியது. காப்பாற்றத்தான் அடைத்தார்கள், ஆனால் அடைபட்டவர்களிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அகம்பென் சொன்னதில் தவறு எங்கே, சரி எங்கே என்பது எனக்கு அந்தத் தகரத்துக்குப் பின்னால்தான் விளங்கியது.

சுதந்திரம் என்றால் என்ன என்ற கேள்வி இப்போதுதான் சரியான இடத்துக்கு வருகிறது. ஐசையா பெர்லின் என்ற தத்துவவாதி 1958-இல் ஆக்ஸ்ஃபோர்டில் பேசியபோது சுதந்திரத்தை இரண்டாகப் பிரித்தார். என் வழியில் யாரும் குறுக்கே நிற்காமல் இருப்பது ஒன்று, என்னை நானே ஆள்வது இன்னொன்று. ராதாரிச் சீட்டு முதலாவதைப் பறித்தது, கேட்டவுடன் புரியும். இரண்டாவதைப் பறிப்பது கண்ணுக்குத் தெரியாது. அரிசி வீட்டுக்கு வருகிறது, பிள்ளைக்கு உப்புமா கிடைக்கிறது, ஆஸ்பத்திரியில் காசில்லாமல் மருந்து தருகிறார்கள், யாரும் குறுக்கே நிற்கவில்லை, ஆனால் இதெல்லாம் எப்படி நடக்க வேண்டும் என்று முடிவெடுக்கிற இடத்தில் அம்மா இல்லை. அவள் பயனாளி. அரசு விண்ணப்பங்களில் தினமும் பார்க்கிற இந்தச் சொல்லை ஒரு நிமிஷம் யோசித்துப் பாருங்கள், பயனைப் பெறுகிறவள், அவ்வளவுதான், கேட்கிறவள் என்ற அர்த்தம் அதில் இல்லை.

ஹன்னா அரெண்ட் இதை யாரையும்விட நன்றாகப் பிடித்தார் என்று நினைக்கிறேன். ஜெர்மனியில் பிறந்த யூதப் பெண், 1933-இல் தப்பி ஓடி, எந்த நாட்டுக் குடியுரிமையும் இல்லாமல் பல வருஷம் இருந்தவர். மனித உரிமை என்று எல்லோரும் பேசுகிறார்கள், ஆனால் ஒரு அரசியல் சமூகத்தில் இடம் இல்லாதவனுக்கு அந்த உரிமையைக் கேட்கக்கூட வழியில்லை, ஆகவே முதலில் வேண்டியது உரிமைகளைப் பெறுவதற்கான உரிமை என்றார். சுதந்திரத்தை அவர் மனசுக்குள் தேடவில்லை, ஒருவருக்கொருவர் சமமாகக் கூடிப் பேசிச் செயலில் இறங்கும் இடத்தில்தான் அது இருக்கிறது என்றார். ஊர் கூடிப் பேசுகிற எங்கள் மந்தையை நினைத்துக்கொண்டு இதைப் படித்தேன்.

மந்தை என்றதும் ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும், சொல்லாவிட்டால் இந்தக் கட்டுரை பொய்யாகிவிடும். அந்த மந்தையில் எல்லோரும் உட்கார முடியாது. அதிகாரம் அரசிடம் மட்டும் குவிந்து கிடக்கிற சொத்து கிடையாது, டீக்கடை பெஞ்சு முதல் படுக்கையறை வரை மனிதர்களுக்கு நடுவில் ஓடிக்கொண்டே இருக்கிறது என்பது ஃபூக்கோ சொன்னதிலேயே முக்கியமானது. ரேகைச் சட்டத்தில் அடிபட்ட எங்கள் மக்கள் வாழும் இதே மண்ணில், பாப்பாபட்டி, கீரிப்பட்டி ஊராட்சிகளைத் தலித்துகளுக்கு ஒதுக்கியபோது, 1996-இலிருந்து பத்து வருஷம் ஒரு தலைவரை நாற்காலியில் உட்காரவிடவில்லை. தேர்தல் அறிவிப்பு வரும், மனு போட ஆள் வராது, வந்து ஜெயித்தாலும் உடனே ராஜினாமா வாங்கிவிடுவார்கள். 2006-இல்தான் அது முடிவுக்கு வந்தது. மேலூர்ப் பக்கம் மேலவளவில் 1997 ஜூன் 30 அன்று, ஊராட்சித் தலைவராக ஜெயித்த முருகேசனையும் கூட இருந்த ஐந்து பேரையும் வெட்டிக் கொன்றார்கள். பிறப்பை வைத்து உன்னைக் குற்றவாளி என்றான் வெள்ளைக்காரன் என்று ஏப்ரல் 3 அன்று மாலை போடுகிற நாங்கள், பிறப்பை வைத்து இன்னொருவனை நாற்காலியிலிருந்து தள்ளியது எப்படிச் சரி? நான் இதை வீட்டில் கேட்டிருக்கிறேன். ஒரு சித்தப்பா இரண்டு வருஷம் என்னோடு பேசவில்லை.

அதிகாரம் இருக்கும் இடத்தில் எதிர்ப்பும் இருக்கும் என்று ஃபூக்கோ சொல்வதை நான் இப்படித்தான் எடுத்துக்கொள்கிறேன். எதிர்ப்பு எங்கோ வெளியிலிருந்து வராது, அதிகாரம் ஓடுகிற அதே கம்பி வழியாகத்தான் வரும். பதிவேட்டை வைத்து அடக்கினால் அதே பதிவேட்டில் விரல் வைக்க மறுப்பது. பயனாளி என்று பட்டியலில் சேர்த்தால், பட்டியலைக் காட்டு என்று கிராம சபையில் எழுந்து கேட்பது. அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017 ஆகஸ்ட் 24 அன்று உச்ச நீதிமன்றத்தின் 9 நீதிபதிகளும் ஒருமனதாகச் சொன்ன வழக்கு ஆதாரை எதிர்த்துப் போட்டதிலிருந்துதான் கிளம்பியது. மறு வருஷம், நலத்திட்டங்களுக்கு ஆதாரைக் கேட்கலாம் என்று தீர்ப்பு வந்ததும் உண்மைதான். இருந்தாலும் ஒரு வாசல் திறந்திருந்தது, போய் நிற்க முடிந்தது. 1911-இன் சட்டத்துக்கும் இதற்கும் நான் பார்க்கிற வித்தியாசம் அதுதான். ஒரு பதிவேடு நல்லதா கெட்டதா என்று கேட்டு நேரத்தை வீணாக்காமல், அதில் பேர் இருப்பவர் அதை எழுதியவரைப் பார்த்துக் கேள்வி கேட்க முடியுமா, பதில் சொல்ல அங்கே ஒரு ஆள் இருக்கிறாரா என்று பார்ப்பேன். காலை உணவுப் பட்டியலில் என் பிள்ளை பேர் விட்டுப்போனால் தலைமை ஆசிரியரிடம் போய்ச் சண்டை போடலாம். "மிஷின் எடுக்கல" என்ற பதிலோடு யாரும் சண்டை போட முடியாது. பில் போடுகிறவர் கையில் ஒன்றும் இல்லை, மிஷினுக்குக் காது இல்லை.

விரல் பதியவில்லை என்பதற்காகப் பொருளை மறுக்கக் கூடாது, வேறு வழியில் கொடுக்க வேண்டும் என்பதுதான் விதி. அன்றைக்கு அது எனக்கும் தெரியாது, அம்மாவுக்கும் தெரியாது. தெரிந்த பிறகு அடுத்த மாதம் கடையில் சொன்னேன், பில் போடுகிறவர் கொஞ்சம் யோசித்தார், ஒரு நோட்டை எடுத்து அம்மாவிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு அரிசி போட்டார். அம்மாவுக்கு எழுதத் தெரியும், பேரை முழுசாக, இனிஷியலோடு, நிதானமாக எழுதினாள். பின்னால் வரிசையில் நின்ற இன்னொரு கிழவி, "எனக்கும் விரல் விழாது சாமி, அந்த நோட்ட எனக்கும் எடு" என்றாள்.

இப்போது எங்கள் கடைக்குக் கருவிழி பார்க்கிற கருவி வந்துவிட்டது. அம்மா மூக்குக் கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு கண்ணை அகலமாகத் திறந்து காட்டுகிறாள், பச்சை விளக்கு எரிகிறது, பில் வருகிறது. போன வாரம் கடையிலிருந்து வரும்போது கேட்டாள், "கண்ணுல ஆப்பரேஷன் பண்ணுனா அப்பவும் எடுக்குமாடா?" மதுரையில் கண் ஆஸ்பத்திரிக்குத் தேதி வாங்கியிருக்கிறோம், புரை எடுக்க. கடையில் கேட்டுச் சொல்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.